காஹாங்கில் கழன்ற கதவுப்பிடி

பெட்ரோல் போட்டுவிட்டு ஏறப் போனால் காரின் கதவுப்பிடி உடைந்து கையோடு வந்துவிடுகிறது. அடுத்த பக்கக் கதவு வழியாக நுழைந்து, காஹாங் ஊரின் சாலையோரப் பட்டறை வரை ஓட்டி வருகிறேன்.

"நீங்க போய் டீ குடிங்கண்ணே, அரை மணியில முடிச்சிடலாம்" என்கிறார் மெக்கானிக்.

நான் நகர்வதாக இல்லை. வெளியூர்ப் பட்டறைகளில் நல்ல பாகங்களைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிடுவார்கள் என்று கோலாலம்பூரில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அவரும் வேலையைத் தொடங்கவில்லை. உடைந்த பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார். யாரோ நெம்பி உடைத்தது போலத்தான் எனக்கும் தெரிகிறது.

"காடி யாரோடது?" என்று காரைக் காட்டிக் கேட்கிறார்.

"நண்பரோடது. ரெண்டு நாளைக்கு வாங்கிட்டு வந்தேன்."

"அவருக்குப் போன் போடுங்க லா. அவர்கிட்ட பேசாம கதவுல கை வைக்கமாட்டேன்."

நண்பர் எடுத்ததும் மெக்கானிக் போனை என்னிடமிருந்து வாங்கி ஸ்பீக்கரில் போடுகிறார். "பின் சீட்ல என்ன இருக்கு, சொல்லுங்க."

"மகளோட நீலக் குடை. ஒரு கம்பி உடைஞ்சிருக்கும்."

மெக்கானிக் குடையை வெளியே எடுத்து விரித்தே பார்த்துவிடுகிறார். ஒரு கம்பி தொங்குகிறது.

"சரி, இப்பப் போய் டீ குடிங்க."

கார்ச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிர்க்கடைக்கு நடக்கிறேன். பாதி வழியில் திரும்பிப் பார்க்கிறேன். அவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி பட்டறைச் சுவரில் சாக்பீஸால் கார் எண்ணை எழுதிக்கொண்டிருக்கிறார்.