தடவாத கன்னம்

எண்ணெய் வழியும் முகத்துக்காக நாங்கள் தயாரித்த க்ரீமைச் சோதிக்க, ஸ்ரீரங்கத்தில் பஜ்ஜிக் கடை போட்டிருந்த ஓர் அம்மாவைத் திருச்சி ஆபீஸுக்கு அழைத்திருந்தோம். இடது கன்னத்தில் மட்டும் தடவி, ஏசி அறையில் உட்கார வைத்தோம். நிமிஷத்துக்கொரு தரம் முந்தானையால் முகம் துடைப்பது அவர் பழக்கம். அன்று கை மேலே போய், துடைக்க ஒன்றுமில்லாமல் இறங்கியது.

இடது கன்னத்தில் ஒற்றிய காகிதத்தில் எண்ணெயே இல்லை. மேனேஜர் கைதட்டினார்.

அந்த அம்மா வெடித்துவிட்டார். "தடவாத பக்கமும் காஞ்சுதாங்க கிடக்கு! இந்தக் குளிர்ல யாருக்குங்க எண்ணெய் வழியும்? என் அடுப்பு முன்னாடி வந்து தடவிப் பாருங்க!"

மேனேஜர் வலது கன்னத்தில் ஒற்றிய, அதேபோல் எண்ணெயே இல்லாத காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டார். கடைகளில் அந்த க்ரீமைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த அம்மா கத்திய அதே அறையில், சோதனை அறிக்கையில் 'நல்ல பலன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.