மாலினியின் மகன் பேசிய நாள்

நியூஜெர்சியில் நான் வேலை பார்த்த மருத்துவமனை ஆய்வகத்தில் இலங்கையர் இரண்டே பேர். நான் யாழ்ப்பாணத் தமிழ்ப்பெண், மாலினி சிங்களவர். என் அண்ணன் இராணுவம் அடித்த ஷெல் விழுந்து இறந்தவர். மாலினியின் மகன் அதே இராணுவத்தில், வன்னிப் போர்முனையில் சிப்பாய். வருடக்கணக்காக நாங்கள் வேலையைத் தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை.

2001 டிசம்பரில் புலிகளுக்கும் அரசுக்கும் இடையே போர்நிறுத்தம் வந்தது. மறுநாள் கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மாலினி சாப்பாட்டுத் தட்டோடு எதிரே வந்து நின்றார்.

“தங்கச்சி, மகன் ஃபோன்ல கோல் எடுத்தான்,” என்றார், தனக்குத் தெரிந்த கொழும்புத் தமிழில். “வெடிச் சத்தம் இல்லையாம். நல்லா நித்திரை கொண்டானாம். இங்க வேற யாருக்கும் இது விளங்காது. உங்களுக்குத்தான் விளங்கும்.”

எனக்கு அண்ணனின் முகம் நினைவில் வந்தது. பிறகு, இடம்பெயர்ந்து வன்னியில் இருக்கும் என் அம்மாவும் அன்று பயமில்லாமல் தூங்கியிருப்பார் என்று தோன்றியது.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். “இருங்கோ அக்கா. மகன் சாப்பிட்டவனோ?”

மாலினி அழுதுகொண்டே சிரித்தார்.

இந்த அமைதி நிலைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக, ஒரு சிப்பாய் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.