மறுபடியம்மாவும் காணாமல் போன டிரெய்லரும்

மறுபடி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் தங்கை வீட்டுச் சமையலறையில். தங்கை மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"அந்த மறுபடியம்மாகிட்ட மாட்டிக்கிட்டேன் பெரியம்மா. பார்த்த படத்தையே மறுபடி போடு, மறுபடி போடுன்னு உயிரை எடுக்குது."

அவள் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு. கேமராப் பதிவு பார்க்கிற வேலையெல்லாம் அவள் தலையில்தான் விழும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை.

தங்கை மகனுக்கு வீடு மாற்றிக் கொடுக்கிற தொழில். வேனுக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று வைத்திருந்தான். கட்டில், பீரோ எல்லாம் அதில்தான் போகும். கூடமாட வேலை செய்தவன் அவன் மச்சான், அதாவது பெண்டாட்டியின் தம்பி. நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஒரு நாள் காலையில் டிரெய்லரைக் காணோம். எதிர்த்த மருந்துக்கடைக் கேமராவில் எடுத்துப் போனவன் தெரிந்தான். முகமும் வண்டி நம்பரும் தெரியவில்லை. முதுகும் அதிலிருந்த ஆரஞ்சு ஜாக்கெட்டும் மட்டும் தெரிந்தன. தொழிலின் பெயர் அச்சடித்த அந்த ஜாக்கெட் மொத்தம் இரண்டுதான். ஒன்று தங்கை மகனின் உடம்பில் இருந்தது.

"என்னோடதை டிரெய்லர்லயே விட்டுட்டு வந்தேன் மாமா" என்றான் மச்சான்.

"ஆமா, திருடனுக்குக் குளிருச்சு, எடுத்துப் போட்டுக்கிட்டான்."

அன்றோடு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிரப் பேச்சு இல்லை. மருமகள் பீரோமேலிருந்து பெட்டியை இறக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டாள். தம்பியை உள்ளே வைத்தால் பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பமாட்டேன் என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். அதனால்தான் மறுநாள் ஸ்டேஷனுக்கு அவர்களோடு நானும் கிளம்பினேன்.

மறுபடிக்குக் கனத்த உடம்பு. கால் வீக்கத்துக்காகக் கவிழ்த்த வாளிமேல் காலை நீட்டியிருந்தாள். எனக்கு யாரைப் பார்த்தாலும் யார் வீட்டுப் பெண் என்று கேட்காவிட்டால் தூக்கம் வராது. கேட்டேன். பார்த்தால் என் அம்மாவின் சித்தப்பா மகளுக்குக் கடைசி மகள். எனக்குத் தங்கை முறை.

"அப்ப இவன் எனக்கு மகன்" என்று தங்கை மகனைப் பார்த்தாள். "இனிமே 'அது இது'ன்னு பேசாம சித்தின்னு சொல்லு. வரும்போது ஸ்டேஷன் வாசல்ல நீ பேசினது எனக்குக் கேட்டுது."

பிறகு படத்தைப் போட்டாள். டிரெய்லர் நின்றது ஒரு முட்டுச்சந்து. மாட்டுகிற மூக்கு சுவரைப் பார்த்து நிற்கும். வண்டியை ஓரமாக உள்ளே விட்டு மாட்டிய பிறகு, பின்னாலேயே தள்ளி வளைத்துத்தான் சாலைக்குக் கொண்டுவர வேண்டும். இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். பழகியவனுக்கே தண்ணி காட்டும். படத்தில் இருந்தவன் ஒரே மூச்சில் கொண்டு போய்விட்டான்.

"தம்பி, உனக்கு டிரெய்லரோட ரிவர்ஸ் வருமா?" என்று மச்சானைக் கேட்டாள்.

"எனக்கா? கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்."

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். "டேய், வராதுன்னு சொல்லித் தொலைடா."

"ஏன் வராது? போன வருஷம் வீட்டுச் சுவரு இடிஞ்சது என் தப்பா? அது நின்ன இடம் அப்படி."

மறுபடி எழுந்தாள். ஸ்டேஷன் பின்கட்டில் வழக்கில் பிடித்த பழைய டிரெய்லர் ஒன்று கிடந்தது. அதை வேனில் மாட்டச் சொல்லி, சாவியை மச்சானிடம் கொடுத்தாள்.

முதல் தடவை பூந்தொட்டி வரிசை போயிற்று.

"மறுபடி" என்றாள்.

அடுத்தது இன்ஸ்பெக்டரின் பைக் படுத்தது.

"மறுபடி."

இந்தத் தடவை தண்ணீர்க் குழாய். பீய்ச்சி அடித்ததில் நான் நனைந்துபோனேன். கைகட்டி நின்ற தங்கை மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"போதும் சித்தி, நிறுத்தச் சொல்லுங்க. அது இவன் இல்ல."

"நடிக்கிறானோ என்னமோ."

"நடிப்பா? நாக்கைக் கடிச்சுக்கிட்டு உயிரைக் குடுத்து எடுக்கிறான் பாருங்க."

"இன்னொரு தடவை குடுங்க, இப்ப வந்துடும்" என்று வேனுக்குள்ளேயிருந்து மச்சான் குரல் வந்தது.

அதன்பின் மறுபடி அந்தப் படத்தையே இன்னும் பல தடவை ஓட்டினாள். திருடன் வண்டிக் கதவைத் திறந்து பிடித்து, பாதி உடம்பை வெளியே நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தபடி பின்னால் போனான். படகை டிரெய்லரில் ஏற்றித் தண்ணீரில் இறக்குகிறவர்கள் அப்படித்தான் எடுப்பார்களாம். ஆற்றுத்துறைக் கேமராப் பதிவைக் கேட்டு வாங்கினாள். அதிலும் ஒரு கதவு அதேபோல் திறந்தபடி வந்தது. வண்டி நம்பரும் இருந்தது.

அந்த நம்பரை வைத்து எல்லோரும் தேடிப் போனால், அவன் கொட்டகையில் டிரெய்லர் நீலப் பெயின்ட்டோடு நின்றது. தன்னுடையது என்று சாதித்தான். மச்சான் ஓடிப்போய்ப் பின்பலகையைத் தடவினான்.

"இது நான் சுவத்துல இடிச்ச பள்ளம் மேடம். எங்க வேணாலும் அடையாளம் காட்டுவேன்."

பெயின்ட்டுக்கு அடியில் பள்ளம் அப்படியே இருந்தது. ஆரஞ்சு ஜாக்கெட்டும் அங்கேயே ஆணியில் தொங்கியது. தங்கை மகன் அதை எடுத்து உதறி, மச்சானுக்கு மாட்டிவிட்டான். அன்று சாயங்காலம் பெட்டி பீரோமேல் ஏறியது.

மச்சான் இன்னமும் அவனோடுதான் வேலை செய்கிறான். டிரெய்லர் மாட்டியிருந்தால் மட்டும் சாவி கிடையாது. மறுபடி அதே ஸ்டேஷனில், அதே நாற்காலியில், காலை வாளிமேல் வைத்துக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.