புதன்கிழமை ருசி

காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால், வேலிக்கு அப்பால் தினேஸ்வரன் நான்கு குப்பிகளோடு உட்கார்ந்திருப்பார். ஒன்றில் கிராம்பு, ஒன்றில் எலுமிச்சைத் தோல், ஒன்றில் தைலம், கடைசிக் குப்பியில் பெலாச்சான். அந்த இறால் சாந்தின் வாடை வேலி தாண்டி எனக்கே வரும். அவர் ஒவ்வொரு குப்பியையும் மூக்குக்கு அடியில் பிடித்து இருபது வரை எண்ணுவார். பிறகு மூடி வைத்துவிட்டு, "ம்ஹூம்" என்று தலையை ஆட்டிக்கொள்வார். நான்கு வருடங்களாக அந்தத் தலையாட்டலில் மாற்றமில்லை.

மெர்லிமாவுக்கு உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர் அவர். வயது நாற்பத்தெட்டு. மலாக்கா பட்டணத்தில் ஒரு ஹோட்டலில் பதினெட்டு வருடம் மேசைக்குப் பரிமாறினார். சாப்பாட்டுக்கூடத்தின் மறுகோடியில் தட்டு எடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "சம்பல் அடி புடிக்கப் போகுது" என்று கத்துவாராம். சமையல்காரர் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "பாவி, ஒனக்கு நாய் மூக்குடா" என்பாராம். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஹோட்டலை மூடினார்கள். அடுத்த வருடம் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போனது, மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. நாக்குக்கு உப்பும் புளிப்பும் இனிப்பும் தெரியும். வாசனை என்ற ஒன்று மட்டும் இல்லை. "வரலாம், வராமயும் போகலாம்" என்றார் கிளினிக் டாக்டர்.

அந்த மூக்கை நம்பித்தான் காய்ச்சலுக்கு ஒரு மாதம் முன்பு அவர் பழைய வேன் ஒன்றை வாங்கியிருந்தார். ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, நல்ல சாப்பாடு எங்கே, நல்ல பீர் எங்கே என்று காட்டுகிற வேலை. வேனைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. எல்லைகள் திறந்ததும் ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். மூக்கு போனதை அவர் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிய வந்தது ஒரு புதன்கிழமை. ஜாசினில் அச்சக வேலை முடிந்து அசாம் பெடாஸ் மீன்குழம்பு சாப்பிட ஒரு கடைக்குப் போனேன். மூலை மேசையில் தினேஸ்வரனும் அவர் மனைவி பவானேஸ்வரியும் இருந்தார்கள். அக்காவுக்கு பத்து பெரண்டாம் என்ற ஊரில் பாக்டரி வேலை, புதன்தான் விடுமுறை. அவர் முன்னால் மட்டும்தான் தட்டு இருந்தது. அண்ணன் நீல அட்டை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல புளி வந்து முன்வாசல்ல நிக்குது" என்றார் அக்கா, மீனை மென்றுகொண்டே. "ஒறப்பு அப்படி இல்ல. பின்பக்கமா ஏறி வந்து ஒக்காந்துக்குது."

"மெதுவா சொல்லுலா. இஞ்சிப்பூ?"

"இஞ்சிப்பூ இருக்கு. வெள்ளிக்கிழம தலைக்குக் குளிச்சிட்டுப் பக்கத்துல வந்து நின்ன பொம்பள மாதிரி."

"அத எப்படி வெள்ளக்காரன்கிட்ட சொல்றது?"

"அது ஒங்க கஷ்டம். எனக்குப் பசி."

அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் நோட்டை மூடினார். பிறகு என்ன நினைத்தாரோ, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். அதிகம் பேசாதவனிடம் ரகசியம் சொல்வது எல்லோருக்கும் சுலபம்.

ஒவ்வொரு புதனும் ஒரு கடை. அக்கா சாப்பிடுவார், சொல்வார். அண்ணன் எழுதி மனப்பாடம் செய்து, சனி ஞாயிறுகளில் விருந்தாளிகளிடம் தன் மூக்கு சொன்னதுபோலச் சொல்வார். மாதம் ஒருமுறை ஆற்றோரத்து பீர் கடையிலும் அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொல்வது உண்டு. வீடு வந்ததும் நான் அக்காவின் சில வாக்கியங்களை ஒரு கவிதைப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்தேன். உள்ளே இருந்தவற்றைவிட அவை நன்றாக இருந்தன.

மனப்பாடம் மட்டும் போதாது. இன்றைக்குக் குழம்பு அக்கா சாப்பிட்ட அன்றைப்போலவே இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு அண்ணன் முகங்களைப் பார்ப்பார். முதல் வாய் உள்ளே போனதும் புருவம் ஏறினால் சரி. மூக்கு ஓரம் சுருங்கினால், "இன்னிக்கி சமையல்காரர் மாறிட்டாரு போல, வாங்க வேற எடத்துக்கு" என்று எழுந்துவிடுவார். மூன்று வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. பீரில் மட்டும் இந்த வித்தை பலிக்காது என்று அவரே சொல்வார். கைப்பக்குவமாக வடித்த பீரின் முதல் மிடறுக்கு எல்லோருமே முகம் சுளிப்பார்கள். நல்லதற்கும் சுளிப்பு, கெட்டதற்கும் அதே சுளிப்பு.

இந்த வருடம் ஆட்கள் குறைந்தார்கள். எல்லோர் கைப்பேசியிலும் கடைப் பட்டியல் இருக்கிறது. அப்போதுதான் கோலாலம்பூரில் ஒரு சுற்றுலாக் கம்பெனி, மலாக்காவுக்கு நிரந்தரமாக ஒரு சாப்பாட்டு வழிகாட்டி தேடுவதாகக் கடிதம் அனுப்பியது. தாட்சாயினி என்ற அதிகாரி ஒரு சனிக்கிழமை வந்து, அண்ணனோடு சுற்றிப் பார்த்து முடிவு சொல்வார். அமைந்தால் வருடம் முழுக்க வேலை. அமையாவிட்டால், மச்சினன் ஜொகூரில் சொல்லி வைத்திருக்கிற காவலாளி வேலை. வாசல் கேட்டில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பது, மாதம் ஒருமுறை வீடு.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்தினம் அண்ணன் வேலியோரம் வந்தார்.

"தம்பி, நாளைக்கி லீவா?"

"ஆமாண்ணே."

"ஒங்க அக்காவுக்கு பாக்டரியில ஓட்டி, கூடுதல் நேர வேல. வர முடியல. நீ விருந்தாளி மாதிரி வந்து ஒக்காரு. ஏதாவது சரியில்லன்னா காதச் சொறி. அவ்ளோதான், பேசக்கூட வேணாம்."

பேச வேண்டாம் என்றதால் ஒப்புக்கொண்டேன்.

தாட்சாயினிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்தில் ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர்கள் என்று வேனில் ஏறும்போதே சொன்னார். கூட வந்தது அவருடைய அலுவலகத்து புவனேந்திரன். தொப்பையும் சிரிப்புமாக, ஏறி உட்கார்ந்ததும், "அண்ணே, நான் காலையில பசியாறல. எல்லாப் பழியும் ஒங்க மேலதான்" என்றார்.

மதியம் வரை எல்லாம் நன்றாகப் போயிற்று. அசாம் பெடாஸ் கடையில் புளி முன்வாசலில் நின்ற கதையை அண்ணன் சொல்ல, தாட்சாயினி சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். செண்டோல் ஐஸ் கடையில் நான் ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு கையை மடியிலேயே வைத்திருந்தேன். அண்ணன் என் காதைப் பார்த்தார், பிறகு தைரியமாகப் பேசினார். புவனேந்திரன் இரண்டாவது கிண்ணம் கேட்டார். "இவர வெச்சிக்கலாம் தாட்சா, என் வயிறு கையெழுத்துப் போட்டாச்சு" என்றார். அண்ணனின் கழுத்து நரம்பு தளர்ந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

நான்கு மணிக்கு ஆற்றோரத்து பீர் கடை. சுவரில் கரும்பலகை. எட்டு பீர்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் குணம் ஒரு வரியில். அதுவரை நான் அந்த மாதிரி இடத்துக்குள் போனதில்லை. தோட்டத்துக் கல்யாணங்களில் ஐஸ் போட்ட டின் பீர் குடித்திருக்கிறேன், அவ்வளவுதான். பலகையில் இருந்ததிலேயே விலை கூடியது நாற்பத்திரண்டு வெள்ளி. அதற்குக் கீழே, குதிரை லாயத்து வாசம் வரும் என்று பெருமையாக எழுதியிருந்தார்கள்.

அண்ணன் நான்கு கிளாஸ் மலாக்கா வெல்லத்து பீர் சொன்னார். செம்பு நிறம், மேலே மெல்லிய நுரை.

நான் முதலில் குடித்தேன். மேசை துடைத்து மூலையில் போட்டுவைத்த ஈரத்துணியின் வாடை. இன்னொரு மிடறு குடித்தேன். அதே துணி. கை காதை நோக்கிப் போகவில்லை. குதிரை லாயத்துக்கு நாற்பத்திரண்டு வெள்ளி கொடுக்கிறவர்கள் இருக்கும் ஊரில், ஈரத்துணிக்கு இருபத்தெட்டு வெள்ளி இருக்காதா என்று நினைத்தேன். நல்ல பீர் இப்படித்தான் இருக்கும்போல, ருசி தெரியாதவன் நான்தான் என்று நினைத்தேன். தாட்சாயினி வேறு எதிரில் இருந்தார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார். நான் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புவனேந்திரன் குடித்துவிட்டு முகம் சுளித்தார். தாட்சாயினியும் சுளித்தார். அது பீரின் முதல் சுளிப்பு என்று அண்ணன் எடுத்துக்கொண்டார்.

"அண்ணா, நீங்க குடிக்கலையா?" என்றார் தாட்சாயினி.

"வண்டி ஓட்டணும் மேடம். எனக்கு மோந்து பாத்தாலே போதும்."

எப்போதும் அவர் செய்வதுதான் அது. கிளாஸை இரண்டு கையாலும் எடுத்தார். கண்ணை மூடி, மார்பு விரிய இழுத்தார். இரண்டு விநாடி அப்படியே வைத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"வெல்லம் காய்ச்சுற எடத்துல யாரோ ஈர வெறகு வெச்சிட்டாங்க மேடம். மொதல்ல இனிப்பு. அது போன பொறவு, அந்தப் பொக மட்டும் நாக்கு நுனியில நின்னுக்கிட்டு போக மாட்டேங்குது."

அவர் எவ்வளவு அழகாகச் சொன்னார் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. புவனேந்திரன் ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்து, தாட்சாயினியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். கல்லாவில் நின்ற சீனப் பெண் பக்கத்து மேசைக்காரர் திருப்பிக் கொடுத்த கிளாஸை முகர்ந்து பார்த்து, "ஐயோ, சாரி" என்று ஓடி வந்தார். குழாய் கழுவாமல் விட்டுவிட்டார்களாம். அந்த பீப்பாயில் இருந்து யாருக்கும் ஊற்றக்கூடாதாம். எங்கள் நான்கு கிளாஸையும் தட்டில் அடுக்கிக்கொண்டு போனார். அண்ணனின் கைகள் கிளாஸ் இருந்த அகலத்துக்கே விரிந்தபடி மேசைமேல் இருந்தன.

தாட்சாயினி அவரை ஆற்றங்கரைக் கம்பியோரம் கூப்பிட்டார். நான் விலகிப் போகவும் தெரியாமல் இரண்டடி தள்ளி நின்றேன்.

"எப்ப இருந்து அண்ணா?"

அவர் மறைக்கவில்லை. "நாலு வருஷம் ஆச்சு மேடம்."

"எனக்கும் போச்சு. ரெண்டு வாரம்தான். அந்த ரெண்டு வாரமும் அழுதுக்கிட்டே சாப்பிட்டேன்." அண்ணன் பக்கம் திரும்பினார். "அப்ப இன்னிக்கி சொன்னதெல்லாம்?"

"என் வீட்டுக்காரி சொல்லிக் குடுத்தது."

"அவங்க வருவாங்களா?"

"அவ பாக்டரி சம்பளத்துலதான் மேடம் வீடு நிக்கிது. அத விட்டுட்டு வந்து, இந்த வேல ஆறு மாசத்துல இல்லன்னு ஆனா, ரெண்டும் போயிடும். அதோட, நாலு பேரு முன்னால அவளுக்குத் தொண்ட அடைச்சிக்கும். எங்கிட்ட மட்டுந்தான் பேசுவா."

ஒரு படகு வந்தது. அது போனதும் தாட்சாயினி சொன்னார்.

"பீர் பரவாயில்ல அண்ணா, துப்பிடலாம். நாளைக்கி ஒரு கெட்ட மீன் வந்தா? கறி ஊசிப் போயிருந்தா? மொதல்ல ஒங்களுக்குத்தானே தெரியணும்?"

போன வருடம் அடுப்பில் கேஸ் திறந்து கிடந்ததும், வேலை முடிந்து வந்த அக்கா வாசலிலேயே அலறியதும், அண்ணன் அதே அடுப்பங்கரையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ஆமாங்க மேடம்" என்றார். அதற்குமேல் வாதாடவில்லை.

"பேச வேற ஆள் போடுறோம். நீங்க வேன் ஓட்டுறீங்களா? மாசத்துல ரெண்டு தடவ வரும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

"வண்டி நல்லா ஓட்டுவேன் மேடம்."

அவர்களைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு மெர்லிமாவுக்குத் திரும்பினோம். செம்பனைகள் இரண்டு பக்கமும் ஓடின. பாதி வழியில் அண்ணன் கேட்டார்.

"எப்படிடா இருந்துச்சு?"

"ஈரத்துணி மாதிரி அண்ணே. மேச தொடச்ச துணி. அந்த பீரு அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிட்டேன்."

அவர் சிரித்தார், நிஜமாகவே. "தப்பு எம்மேலதான்லா. மூக்கு இருக்கிறவனக் கூட்டிட்டுப் போனேன். குடிச்சுப் பழகுனவனக் கூட்டிட்டுப் போகணும்." மன்னிப்புக் கேட்க மூன்று நான்கு வாக்கியங்களை மனதுக்குள் அமைத்துப் பார்த்தேன். வாசலில் இறங்கும்போது அண்ணன், "அக்காகிட்ட சொல்லாத. ஜொகூருக்குப் போறப்ப நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

மாதத்தில் இரண்டு சவாரியை வைத்து வேனை நடத்த முடியாது என்பதை அவர் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டிருந்தார்.

அடுத்த நாள் காலை வேலியோரத்தில் யாரும் இல்லை. திங்களும் செவ்வாயும் இல்லை. குப்பிகள் நான்கும் மூடியோடு அவர் வீட்டுச் சன்னல் விளிம்பில் வரிசையாக இருந்தன.

புதன்கிழமை மாலை, மெர்லிமாவ் பட்டணத்தில் புட்டு விற்கிற வண்டிக்கடை முன்னால் அவர்களைப் பார்த்தேன். மோட்டார்சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. அக்கா நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் பேனா செருகியபடி அண்ணன் எதிரில் நின்றார். நோட்டு வேனின் முன் கண்ணாடிக்குள் தெரிந்தது.

"வெந்த அரிசி வாசம்" என்றார் அக்கா. "மழ பேஞ்ச மறுநாள் கித்தா மரக்காட்டுல எல சூடாகுமே, அது. நடுவுல வெல்லம் ஒடையுது. ஒடஞ்சதும்..." நிறுத்தினார். "என்ன, எழுதலையா?"

"ஞாபகம் இருக்கும். நீ சொல்லு."

அக்கா இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுதுகிறவருக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, முதலில் இருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார்.