கழுத்து கறுத்தால் கவரிங் குற்றமா?

கவரிங் நகையை விற்பது சுலபம். விற்ற பிறகு அதற்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. கடைகளில் கால் கடுக்க நிற்கும் என் சொந்தங்களே, பதுளை பஜாரில் கவரிங் கடையில் நின்று நான் பட்டதில் கொஞ்சத்தைக் கேளுங்கள்.

கறுத்த கழுத்து

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பாக்கியம் அக்கா, சங்கிலியைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டிமேல் விட்டெறிந்தார். "ஒன் பித்தளையால கழுத்தே கரிச்சட்டி ஆயிருச்சு!" முந்தி வாங்கிய சங்கிலிக்கும் இதே வழக்குத்தான். குனியச் சொல்லிப் பார்த்தேன். பிடரி மடிப்பு முழுக்கத் தடித்து, அழுக்குப் போலக் கறுப்பு அப்பிக்கிடந்தது. அக்குளிலும் அப்படித்தானாம். அக்குளில் யாரப்பா சங்கிலி போடுகிறார்கள்?

என் அம்மாவுக்கும் இதே கறுப்பு வந்தபோது, கிளினிக்கில் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய் என்றார்கள். "சங்கிலியை மாத்தித் தர்றேன் அக்கா, ஆனா ரத்தத்துல சீனி இருக்கான்னு ஒரு தடவை பாத்துருங்க" என்றேன். அவ்வளவுதான், கடையே அதிர்ந்தது.

"எனக்கா சீனி? குடிக்கிற சாயத்தண்ணிக்குச் சீனியே போடுறதில்ல, கருப்பட்டிதான் கடிச்சுக்கிறேன்!"

முதலாளியின் கால்

அக்கா போனதும், கடைக்கு வருகிறவர்களுக்கு வருத்தம் பார்ப்பது என் வேலை இல்லை என்று முதலாளி பிடித்துக்கொண்டார். ஏசியபடியே சாரத்தைத் தூக்கிக் காலைச் சொறிந்தார். முழங்காலுக்குக் கீழே வட்டம் வட்டமாகப் பழுப்புத் தழும்புகள். சீனி வந்த என் அம்மாவின் காலிலும் இதே தழும்புதான். மேசை இடித்ததாம். எந்த மேசை முதலாளி இரண்டு காலையும் முறை வைத்து இடிக்கிறது, நீங்களும் ஒருக்கா சீனி பாருங்களேன் என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"ஏன்டா, என் காலைப் பாக்கவா ஒனக்குச் சம்பளம்? கண்ணாடியைத் தொடை!"

இறுகிய மெட்டி

அடுத்த முறை அக்கா வந்தது, மெட்டி இறுகிவிட்டது, பெரிய அளவு வேண்டும் என்று. காலைப் பார்த்தேன். ஐயோ! மெட்டி சதைக்குள் புதைந்து, விரல் ஊதி, ஓரமெல்லாம் சீழ். வலிக்கவில்லையா என்றால், "வலிச்சா சொல்ல மாட்டேனா?" என்கிறார். சீனி முற்றினால் காலில் வலியே தெரியாது என்று அம்மாவுக்குக் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கால் போனால் மலையேறிக் கொழுந்து பறிப்பது எப்படி? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்க முடியாது. படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். புருஷனோ வேலைக்குப் போன நாளைவிடக் குடித்துவிட்டுக் கிடந்த நாள்தான் அதிகம்.

மெட்டியை வெட்டி எடுக்கக் கம்பி வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தேன். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். புருஷன் உயிரோடு இருக்கும்போது மெட்டியை வெட்டக் கூடாதாம்! கெஞ்சினேன், கத்தினேன், கடைசியில் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே நர்ஸ் மெட்டியை வெட்டும்போது அக்கா என்னைத்தான் முறைத்தார்.

"அந்தாளுக்கு எதுனா ஆச்சுன்னா ஒன்னையத்தான் கேப்பேன்!"

பக்கத்து விரல்

விரலை எடுத்துவிட்டார்கள், கால் தப்பியது. சீனிக்கு மருந்தும் ஒழுங்காகப் போடுகிறார். புருஷனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அக்கா தன் காலாலேயே கடைப்படி ஏறி வந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உட்காரவைத்து நலம் விசாரித்தால், அவர் மெட்டித் தட்டைக் கேட்கிறார். மெட்டி போட்ட விரல்தான் இல்லையே அக்கா என்றேன்.

"அதுக்குப் பக்கத்து விரல் இருக்குல்ல தம்பி, அதுக்கு அளவு பாரு!"

இத்தனை வருஷத்தில் நான் விற்க மறுத்த ஒரே நகை அதுதான், அதற்கும் அக்காவும் முதலாளியும் ஒன்றுசேர்ந்து என்னைத்தான் ஏசினார்கள்.