எலியேசர் காலை அகட்டினார்

சித்தூரில் துரைமாரின் கோல்ஃப் கட்டைகளைச் சுமந்தவர் எலியேசர். கிறிஸ்துமஸ் அன்று துரைமார், கட்டை சுமக்கிறவர்களுக்குள்ளேயே கோல்ஃப் பந்தயம் வைத்தார்கள். இவர்தான் ஜெயிப்பார் என்று மனைவி தபீதாள் சபை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

குட்டைக் கட்டைக்குக் கால்களை ஒட்டி, பந்தை நடுவில் வைத்து அழகாகத்தான் அடித்தார். கடைசி மணல் பள்ளத்தைத் தாண்டினால் ஜெயம்; தாண்ட நீளக் கட்டை வேண்டும். அதற்குக் காலை அகட்டி, பந்தை இடது குதிகாலுக்கு நேரே வைக்கணும். பந்தயம் பார்க்க வந்திருந்த போதகர் ஐயர் முன்னால் அப்படி நிற்பது மரியாதையா? மனுசன் ஒடுங்கியே நின்றார்.

“அகட்டுய்யா!” என்றாள் தபீதாள்.

“ஐயரு பாத்துக்கினு இருக்காரு, எப்பிடிடீ?”

“ஐயரே, அந்தாண்ட திரும்புங்க. இந்த மனுசனுக்கு வெக்கம்.”

ஐயர் சிரித்தபடி திரும்பினார். எலியேசர் அகட்டி நின்று வீசினார். பந்து மணலைத் தாண்டி விழுந்தது, ஜெயித்துவிட்டார்.

“இப்போ திரும்பலாமா?” என்றார் ஐயர்.

எலியேசர் அவசரமாகக் காலை ஒட்டிக்கொண்டார்.