கேட்காத காதால் எழுதிய எண்

அந்தச் சீட்டில் நான் எழுதிய எண் பொய். மரகதம் அக்காவின் இரத்த அழுத்தத்தை நான் அளக்கவே இல்லை. அளந்ததாக எழுதினேன்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லவும், முகம் தெரியாதவர் என்பதால்தான் துணிகிறேன்.

என் இரண்டு காதும் மந்தம். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோனில் சேர்ந்தேன். எட்டு வருடம். தறி ஓடும் சத்தத்தில் அங்கே யாரும் பேச்சைக் காதால் கேட்பதில்லை. எதிராளியின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். மெல்லிய சத்தம் எதுவும் என் காதில் விழுவதில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் உதட்டைப் படிக்கும் பழக்கம் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. செக்கிங் மேசையில் துணியின் ஓட்டையும் கறையும் பார்க்கும் வேலை. எனக்கு எதிரே மரகதம் அக்கா. பள்ளியைப் பாதியில் விட்டவர்களையும் சமுதாயக் கல்லூரியில் சேர்த்துக்கொள்கிறார்கள், ஒரே வருடத்தில் மருத்துவ உதவியாளர் சான்றிதழ் தருகிறார்கள் என்று விண்ணப்பம் வாங்கி வந்தவர் அவர்தான். காலையில் வகுப்பு. மதியம் நான் வந்து சேரும்வரை என் பங்குப் பீஸையும் அக்காவே பார்த்தார்.

"நீ போ கண்ணு. துணியில ஓட்டைய நான் பாத்துக்கறன். மனுசனுக்கு எங்க ஓட்டைன்னு நீ பாத்துட்டு வா" என்பார். மேசையே சிரிக்கும்.

வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். மேடத்தின் உதடு தெரிய வேண்டுமே. எலும்புகளின் பெயர், காய்ச்சல் பார்ப்பது, கட்டுப் போடுவது... எல்லாம் வந்தது. ஸ்டெதஸ்கோப்பைக் கையில் கொடுத்த நாளில்தான் மாட்டிக்கொண்டேன். கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, மெல்ல இறக்கும்போது முழங்கை மடிப்பில் துடிப்புக் கேட்க வேண்டும். சத்தம் தொடங்கும் இடம் மேல் எண், நிற்கும் இடம் கீழ் எண். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இரத்தக் குழாய்க்கு உதடு இல்லையே.

கூட இருந்த மாணவி சொன்ன எண்ணையே கொஞ்சம் முன்னே பின்னே வைத்து நானும் சொல்லித் தப்பித்தேன்.

"காது சரியில்லாதவங்க முன்னாடியே சொல்லிருங்கம்மா, வேற வழி பாக்கலாம்" என்று மேடம் ஒருநாள் சொன்னார். வேற வழி என்றால் வெளியே அனுப்புவது என்றே எனக்குப் பட்டது. மறுபடியும் தறிக்கா? காது மந்தம் என்பதை மறைத்தே வைத்தேன்.

படிப்பு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் காலனியில் மருத்துவ முகாம். மாணவிகள்தான் அழுத்தம் பார்த்துச் சீட்டில் எழுத வேண்டும். எண் அதிகமாக இருப்பவர்களை மட்டும் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

மற்ற வரிசைகள் காலியாக இருந்தும் அக்கா என் வரிசையில் வந்து நின்றார். "ஒரு மாசமாத் தலைய வலிக்குது கண்ணு. வேற ஆருகிட்டயும் காட்ட மாட்டன். நீதான் பாக்கோணும்."

மூன்று முறை காற்றடித்தேன். நிசப்தம். நூற்றெண்பதுக்குப் பக்கத்தில் பாதரசம் லேசாகத் துள்ளியதைக் கண்ணால் பார்த்தேன்... பார்த்தேனா? அக்கா சிரித்ததில் கை ஆடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேடம் நாலடி தூரத்தில்தான் நின்றிருந்தார். ஒருதரம் நீங்கள் பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தால் போதும். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாரே...

நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதினேன்.

"எத்தன கண்ணு?"

"நல்லாத்தான் இருக்குதுங்கக்கா."

"அப்ப இது சூப்பர்வைசர் குடுத்த தலவலிதான்" என்று சிரித்தபடி டாக்டரின் மேசையைத் தாண்டி நடந்து போனார்.

பயமா, சுயநலமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

இருபது நாள் கழித்து அக்கா செக்கிங் மேசையிலேயே சாய்ந்தார். எதிரே நான்தான் நின்றிருந்தேன். அழுத்தம் ஏறி மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பாத்தப்ப நல்லாத்தான இருந்துச்சுங்கக்கா. அப்பறமாத்தான் ஏறியிருக்கும். நீங்க அழுவாதீங்க." அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

சான்றிதழும் வாங்கினேன். அவிநாசியில் ஒரு சிறு கிளினிக்கில் வேலை. அங்கே இருப்பது எண்ணைத் தானே காட்டும் மின்கருவி. காது வேண்டியதில்லை.

அக்காவுக்கு வலது கை போயிற்று. குரலும் போயிற்று. உதடு மட்டும் கொஞ்சம் அசையும். அது வீட்டில் யாருக்கும் புரிவதில்லை. எனக்குப் புரிகிறது.

ஞாயிறுதோறும் போகிறேன். அக்கா என்னைப் பார்த்துச் சத்தமில்லாமல் உதட்டை அசைக்கிறார். "அன்னிக்கு... எத்தன கண்ணு?"

"அம்மா என்னங்கக்கா சொல்லுது?" என்று மகள் கேட்கிறாள்.

"தண்ணி கேக்கறாங்க" என்கிறேன்.

அவள் ஓடிப்போய்ச் செம்பில் கொண்டுவருகிறாள். நான் தலையைத் தாங்கிப் பிடித்துப் புகட்டுகிறேன். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கா குடிக்கிறார்.